கோரலின் ஐம்பது பவுண்டு காற்று

கோரல் ட்வோமி என் வேனில் மூன்று தடவை ஏறியிருக்கிறாள். மூன்று தடவையும் அதே பந்தயம், அதே சாலை, அதே வசவு.

வேன் என்றால், பந்தயத்தில் முடியாமல் போனவர்களைப் பொறுக்கிக்கொண்டு வருகிற வேன். முழங்கால் கெட்டு நான் சைக்கிளை விட்ட பிறகு மிராபூல் சைக்கிள் கிளப் எனக்குக் கொடுத்த பதவி அது. ஏறுகிறவர்கள் பலவிதம். சிலர் எதிர்க்காற்றைக் குறை சொல்வார்கள், சிலர் தங்கள் கால்களை, சிலர் காலையில் முட்டை பொரித்துக் கொடுத்த மனைவியை. கோரல் யாரையும் குறை சொல்ல மாட்டாள். சைக்கிளைத் தூக்கிப் பின்னால் போடுவாள், முன்னால் ஏறுவாள், கதவை அடிக்கிற அடியில் கண்ணாடி அதிரும். "ஓட்டு நெவில். வாயைத் தொறந்தே, குதிச்சிடுவேன்" என்பாள். நாற்பது வருஷம் ஆட்டுச் சந்தையில் ஏலம் கூவியவன் நான். வாயை மூடிக்கொண்டு வண்டி ஓட்டுவது எனக்கு எவ்வளவு பெரிய தண்டனை என்று அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் சொல்வாள்.

மூன்றாவது தடவை அவள் கதவை அடிக்கவில்லை. அடிக்கக் கை வரவில்லை. டஃபி ஓடைப் பாலத்துக்கு இறங்குகிற வளைவில் பிரேக்கைப் பிடிக்கப் பார்த்திருக்கிறாள், விரல்கள் பேச்சைக் கேட்கவில்லை. நேராகப் போய் ஒரு பண்ணையின் கம்பி வேலியில் மாட்டிக்கொண்டு தொங்கினாள். நான்தான் பிரித்து எடுத்தேன். வேலியில் மாட்டிய ஆட்டை எடுத்துப் பழகிய கை, அதனால் அதிகம் கிழியாமல் எடுத்தேன். வழி முழுக்க அவள் தன் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு, யாரோ மறந்துவிட்டுப் போன கையுறைகளைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு வந்தாள்.

அவள் சைக்கிளுக்கு வந்த கதையே ஒரு கூத்து. முப்பத்தெட்டு வயது வரை அவள் சைக்கிளைத் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. வடக்கே மணல் பூமியில் கோதுமை போட்ட குடும்பம். பாவாடை போடுகிற வயதில் டிராக்டர், கல்யாண வயதில் தானிய லாரி. கல்யாணம் நடந்தது, நிலைக்கவில்லை, லாரி நிலைத்தது. அறுவடை முடிந்த ஒரு சனிக்கிழமை பப்பில் எல்லாருக்கும் சமமாகக் குடித்துவிட்டு லாரியை எடுத்தாள். ஊர் எல்லையில் போலீஸ்காரன் குழாயை நீட்டினான், ஊதினாள். லைசென்ஸ் போயிற்று, அதோடு வேலையும் போயிற்று.

பிறகு ரயிலடிச் சேமிப்புக் கிடங்கில் லாரிகளில் வரும் கோதுமையில் மாதிரி எடுத்துச் சோதிக்கிற வேலை கிடைத்தது. வீடு ஊருக்கு வெளியே. நடக்க முடியாத தூரம். அந்த வீட்டில் முன்பு குடியிருந்து மாற்றலாகிப் போன ஒரு வாத்தியார் கொட்டகையில் விட்டுப்போன பழைய டூரிங் சைக்கிளை எடுத்துக்கொண்டாள். நீளமான சட்டம், பின்னால் மூட்டை கட்டும் கம்பி, மட்கார்டு எல்லாம் உள்ள மாட்டுவண்டி. முதல் வாரம் அழுதாள், இரண்டாவது வாரம் திட்டினாள், மூன்றாவது மாதம் ஞாயிற்றுக்கிழமையும் காரணம் இல்லாமல் எடுத்துக்கொண்டு கிளம்பினாள். லைசென்ஸ் திரும்பி வந்தபோது அந்த உறையைப் பிரிக்கக்கூட இல்லை. அடுத்த வருஷம் மெல்லிய டயர் போட்ட ரோடு சைக்கிள் ஒன்று வாங்கிக்கொண்டு கிளப்பில் வந்து சேர்ந்தாள்.

எங்கள் பந்தயத்தில் மெதுவானவர்கள் முதலில் கிளம்புவார்கள், வேகக்காரர்கள் கடைசியில். யாருக்கு எத்தனை நிமிடம் முன்சலுகை என்று லாயிட் பெட்ஷல் முடிவு செய்வான். பார்லி போடுகிறவன், சுத்த லூதரன் சபைக் கிறிஸ்தவன், சிரித்தால் காசு செலவாகும் என்று நினைக்கிற ஆள். அவன் கணக்கு சரியாக இருந்தால் எல்லாரும் கடைசித் தெருவில் ஒன்றாக வந்து முட்ட வேண்டும். கோரலுக்கு ஐம்பது வயது தாண்டியதிலிருந்து அவன் வருஷாவருஷம் சலுகையைக் கூட்டிக்கொண்டே வந்தான். கடைசியில் அவள் எல்லாருக்கும் முதலில் கிளம்புகிற கூட்டத்துக்கே வந்து சேர்ந்துவிட்டாள். அதற்கு முன்னால் அனுப்பக் கூட்டம் கிடையாது.

கைதான் பிரச்சினை. லாரியும் டிராக்டரும் அரைத்த மணிக்கட்டு. இரண்டு கையிலும் அறுவை செய்தாயிற்று. அதிர்வு ஆகாது என்றார் டாக்டர். எங்கள் சாலைகளோ அதிர்வைத் தவிர வேறொன்றும் தருவதில்லை. தாரை ஊற்றி அதன்மேல் கருங்கல் ஜல்லியைத் தூவி உருட்டிவிட்டுப் போய்விடுவார்கள், மீதியைப் போகிற வருகிற வண்டிகள் அமுக்கிக்கொள்ள வேண்டும். பந்தயத்தின் பின்பாதி போகிற அந்தப் பாலத்துச் சாலையில் வண்டியே போவதில்லை. அவள் விழுந்ததற்கு அடுத்த கோடையில், 2008 அது, அதன்மேல் இன்னும் பெரிய ஜல்லியைப் போட்டு வைத்தார்கள். யார் யோசனையோ, அவன் ஒரு நாள் அதில் சைக்கிள் ஓட்ட வேண்டும் என்று நான் மனதாரச் சபித்தேன்.

வேலியில் தொங்கியதற்கு அடுத்த மாதம் கமிட்டி கூடியது. லாயிட்தான் பேசினான்.

"கோரல், யாரும் உன்னைப் போன்னு சொல்லல. ஆனா பிரேக் பிடிக்க முடியாத ஆளைக் கூட்டத்துல விட்டா நாளைக்கு இன்னொருத்தனும் விழுவான். அடுத்த வருஷம் ஒரு தடவை பாப்போம். மறுபடி வேன்ல வந்து இறங்கினா அதோட சரி. அப்புறம் பந்தயத்தன்னிக்கு டீ மேசையைப் பாத்துக்க."

"என் கேக்கைத் தின்னுட்டு எத்தனை பேரு உயிரோட இருப்பீங்கன்னு பாக்கறேன்" என்றாள் கோரல். எல்லாரும் சிரித்தார்கள். அவள் வெளியே வந்து என் வேனுக்குப் பக்கத்தில் வெகுநேரம் நின்றாள். சைக்கிள் போனால் அவளுக்கு என்ன மிச்சம் என்று நான் யோசித்துப் பார்த்தேன். கோதுமைத் தூசியும் வீட்டுக் கூரையும்தான்.

மழைக்காலத் தொடக்கத்தில் நான் அவள் வீட்டு வாசல் சேற்றில் வண்டியைப் புதைத்தேன். முடுக்க முடுக்க இன்னும் கீழே போயிற்று. கோரல் ரப்பர் பூட்ஸைப் போட்டுக்கொண்டு வந்தாள், ஒரு குச்சியை ஒடித்து நாலு டயரிலும் காற்றைப் பாதிக்குமேல் இறக்கினாள். பிறகு என்னை நகரச் சொல்லிவிட்டுத் தானே ஏறி, பசு எழுந்திருப்பதுபோல் நிதானமாக வண்டியை வெளியே எடுத்தாள். காற்றுக் குறைந்தால் டயர் பரந்து மண்ணைப் பிடித்துக்கொள்ளும், மணல் பூமியில் வளர்ந்த எவருக்கும் இது பால் குடிக்கும்போதே தெரிந்த வித்தை. எடுத்துவிட்டு இறங்கியவள் என் டயரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நெவில், நாம எவ்ளோ பெரிய முட்டாளுங்கடா."

"நாமன்னு என்னை ஏன் இழுக்கறே?"

"டிராக்டருக்குக் காத்தை இறக்கறோம். லாரிக்கு இறக்கறோம். அந்த லாயிட் கடற்கரைக்கு மீன் பிடிக்கப் போறப்போ மணல்ல இறங்கறதுக்கு முன்னாடி முழங்கால் போட்டு இறக்கறான். சைக்கிளுக்கு மட்டும் கல்லு மாதிரி ஏத்தறோம். ஏன்?"

"வேகமா போகும்னு."

"யாரு சொன்னா?"

யார் சொன்னார்கள் என்று எனக்கும் தெரியவில்லை. இருபத்து மூன்று மில்லிமீட்டர் டயர், நூற்றிருபது பவுண்டு காற்றழுத்தம். நான் கிளப்பில் சேர்ந்தபோதே அது வேதமாக இருந்தது. சுண்டினால் மணிபோல் ஒலிக்க வேண்டும் என்பான் டெஸ், ஓய்வுபெற்ற கசாப்புக் கடைக்காரன். காற்றடித்து முடித்ததும் விரல் நகத்தால் சுண்டிக் காதைக் கொடுத்துக் கேட்பான், பூசாரி மாதிரி.

ரோடு சைக்கிளில் அகல டயர் போட இடமே இல்லை. டயருக்கும் சட்டத்துக்கும் நடுவில் ஒரு நாணயம்கூட நுழையாத இறுக்கம். ஆகவே கோரல் பழைய டூரிங் சைக்கிளைக் கொட்டகையிலிருந்து இறக்கினாள். மட்கார்டைக் கழற்றினாள், மூட்டைக் கம்பியைக் கழற்றினாள். முப்பத்தைந்து மில்லிமீட்டர் டயர் தாராளமாக உட்கார்ந்தது. முதலில் அவள் வாங்கிப் போட்டது நெருஞ்சி குத்தாது என்று விளம்பரம் செய்கிற தடி டயர். அதில் ஒரு சுற்றுப் போய்விட்டு வந்தவளின் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

"நனைஞ்ச கோணியை இழுத்துட்டு வந்த மாதிரி இருக்கு" என்றாள்.

"நான்தான் சொன்னேனே."

"நீ ஒண்ணும் சொல்லல. பல்லைக் காட்டிட்டு நின்னே."

அகலம் மட்டும் போதாது என்பது அவளுக்கு அன்றே புரிந்துவிட்டது. ரப்பர் தடியாக இருந்தால் டயர் வளைவதே இல்லை, ஜல்லி குத்துவதையெல்லாம் கைக்குத்தான் அனுப்புகிறது. ஜப்பானிலிருந்து வேறு ஒன்றை வரவழைத்தாள். அதே அகலம், ஆனால் பக்கச் சுவர் துணி மாதிரி மெல்லிசு. கையில் வாங்கினால் துவண்டு தொங்கியது. நெருஞ்சி முள் ஒன்று பார்த்தால் போதும், கதை முடிந்தது என்று எனக்குப் பயம். அவள் அதில் ஐம்பது பவுண்டு காற்று அடித்தாள், முன்சக்கரத்தில் இன்னும் கொஞ்சம் குறைவாக, கை அங்கேதானே இருக்கிறது. ஒரு சுற்றுப் போய்விட்டு வந்தபோது முகம் இன்னும் சுருங்கித்தான் இருந்தது.

"கை நல்லா இருக்கு. ஆனா மெதுவாப் போறேன்டா. சத்தமே இல்ல, நடுக்கமே இல்ல. தூங்கிட்டுப் போற மாதிரி இருக்கு."

"அப்போ விட்டுடு."

"விடறதா? அளந்து பாக்காம விடறதா? கோதுமையை வாயில போட்டுப் பாத்தா விலை போடறோம்?"

கல்லறைத் தோட்டத்துச் சரிவில் அளந்தோம். அங்கேயும் புது ஜல்லிதான். அவள் மேலே வாசலில் இருந்து மிதிக்காமல் உருண்டு வருவாள், எங்கே நிற்கிறாளோ அங்கே நான் ஒரு கல்லை வைப்பேன். முதலில் ரோடு சைக்கிள். கடகடவென்று, பல் ஆட, என்ன வேகம் என்று எனக்கே தோன்றியது. ஒரு வீட்டின் தபால் பெட்டிக்கு நேரே நின்றது. பிறகு டூரிங் சைக்கிள். அது சத்தம் போடாமல் வந்தது, பூனை மாதிரி. தபால் பெட்டியைத் தாண்டியது. அடுத்த கம்பத்தையும் தாண்டியது. அதற்கப்புறம் மதகுப்பக்கம் போய்த்தான் நின்றது. கோரல் திரும்பி என் கல்லைப் பார்த்தாள், தன் சக்கரத்தைப் பார்த்தாள்.

"தள்ளி வச்சியா கல்லை?"

"சத்தியமா இல்ல."

"மறுபடி."

மறுபடியும், மறுபடியும் செய்தோம். ஒவ்வொரு தடவையும் மதகுதான். கல் போன்ற டயர் ஒவ்வொரு ஜல்லியிலும் ஏறி இறங்குகிறது. சைக்கிளையும் தூக்குகிறது, அதன்மேல் இருக்கிற மனுஷியையும் தூக்குகிறது. தூக்குகிற கூலியைக் கொடுப்பது கால்தான். காற்றுக் குறைந்த டயரோ ஜல்லியைத் தனக்குள் வாங்கிக்கொண்டு சக்கரத்தை நேராகப் போக விடுகிறது. இத்தனை வருஷமும் நாங்கள் நடுக்கத்தைத்தான் வேகம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். எனக்கு அன்று கோபம்தான் வந்தது. என் முழங்கால் அந்த ஜல்லியில் போனதுதானே.

"யார்கிட்டயும் சொல்லாதே" என்றாள்.

"சொன்னா எவன் நம்பறான்?"

பந்தயம் ஆகஸ்டில், எங்கள் பக்கம் அது குளிர்காலம். வயலெல்லாம் கடுகுப் பூ மஞ்சள், காது மடல் கடுக்கிற குளிர். டவுன் ஹால் முன்னால் கோரல் அந்தப் பழைய சைக்கிளோடு வந்து நின்றதும் கூட்டம் கலகலத்தது.

"கோரல், பின்னாடி கலப்பையை மறந்துட்டியே!" என்று கத்தினான் டெஸ். குனிந்து அவள் டயரைக் கட்டைவிரலால் அமுக்கினான். அமுங்கியது. அவன் முகம் போன போக்கு! செத்த எலியைத் தொட்டவன் மாதிரி கையை உதறினான். "அம்மா தாயே, பஞ்சர் ஆயிருக்கு!"

"ஆகல. ரோடு மோசம், அதுக்குத் தகுந்த மாதிரி வச்சிருக்கேன்."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்."

"சரி டெஸ். பாலத்துக்கு அந்தப் பக்கம் வந்து சொல்லு, கூடம் கோணலா இல்லையான்னு."

லாயிட் வந்தான். அவன் டயரைத் தொடவில்லை, பார்த்தான். கடுமையான ஆள்தான், ஆனால் ஈரம் இல்லாதவன் இல்லை. தொண்டையைக் கனைத்துக்கொண்டு எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னான்: "கோரல், இந்த வண்டியில நீ இவங்களோட போக முடியாது. உனக்கு இன்னும் ஆறு நிமிஷம் தர்றேன். தனியா முன்னாடி கிளம்பு."

கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை. அதுதான் மோசம். சிரித்திருந்தால் அவள் தாங்கியிருப்பாள்.

"எனக்கு வேணாம்" என்றாள்.

"வேணும் வேணாம்னு சொல்றது நீ இல்ல. நான் போட்டா போட்டதுதான்."

லாயிட் கொடியை இறக்கினான். கோரல் அசையவில்லை. ஒரு காலைத் தரையில் ஊன்றி, டீ மேசையைப் பார்த்துக் கையை நீட்டினாள். யாரோ ஒரு கோப்பையைக் கொடுத்தார்கள். நின்ற இடத்தில் நின்றபடி ஊதி ஊதிக் குடித்தாள். லாயிட் கொடியைத் திரும்பத் தூக்கி, இறக்கி, "போ!" என்றான். "சூடா இருக்கு" என்றாள். ஆறு நிமிடமும் அப்படியே கரைந்தது. டெஸ்ஸும் மற்றவர்களும் கோட்டுக்கு வந்தபோது கோப்பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அவர்களோடு சேர்ந்து கிளம்பினாள். என் வேன் பின்னால் போயிற்று. எனக்கு அவளைக் கட்டிப்பிடிக்கவும் தோன்றியது, நாலு அறை வைக்கவும் தோன்றியது. கிடைத்த ஆறு நிமிடத்தை எவளாவது விடுவாளா?

முதல் பாதி நெடுஞ்சாலை. வழவழவென்று இருக்கும். அங்கே அவள் டயரால் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. அவளையும் சேர்த்து ஆறு பேரும் மாறி மாறி முன்னால் போய் எதிர்க்காற்றைத் தாங்கினார்கள். டெஸ் ஒவ்வொரு தடவையும் அவளைத் தாண்டும்போது ஏதோ சொல்வதும், அவள் பதில் சொல்வதும், மற்றவர்கள் தோள் குலுங்குவதும் எனக்குத் தெரிந்தது. ஏரித் திருப்பத்தில் திரும்பினார்கள். புது ஜல்லி ஆரம்பித்தது.

முதலில் பேச்சு நின்றது. பிறகு வரிசை கலைந்தது. ஒருவன் சாலையின் ஓரத்து வெள்ளைக் கோட்டின்மேல் ஏறி ஓட்டினான், அந்தப் பெயின்ட் பட்டை கொஞ்சம் வழவழப்பாக இருக்குமே என்று. இன்னொருவன் நடுக்கோட்டைத் தேடினான். டெஸ் ஒரு கையை எடுத்து உதறினான், பிறகு மறு கையை உதறினான். அவன் முதுகுச் சதை அதிர்வது வேனிலிருந்தே தெரிந்தது. கோரல் மட்டும் சாலையின் நடுவில், ஜல்லி மிக மோசமாக இருக்கிற இடத்தில், நாற்காலியில் உட்கார்ந்தவள்போல் போய்க்கொண்டிருந்தாள். அவள் வேகத்தைக் கூட்டவில்லை. கூட இருந்தவர்கள் குறைந்தார்கள். ஒரு மைல் போவதற்குள் அவளுக்கும் அவர்களுக்கும் நடுவில் ஒரு பெரிய வெற்றிடம் விழுந்துவிட்டது.

கொஞ்ச தூரத்தில் டெஸ் கையைத் தூக்கினான். நான் நிறுத்தினேன். சைக்கிளை நான்தான் தூக்கிப் போட வேண்டியிருந்தது. அவன் ஏறி, இரண்டு கையையும் அக்குளில் செருகிக்கொண்டான்.

"மரத்துப் போச்சு நெவில். விரல் எங்க இருக்குன்னே தெரியல."

"சாண்ட்விச் பின்னாடி இருக்கு."

"சாண்ட்விச் கிடக்கட்டும். இப்படியா ஒவ்வொரு வருஷமும் ஓட்டினா அவ?"

கேட்டுவிட்டு அவன் சன்னலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். பின்னால் வருகிறவர்களுக்கு வேறு வண்டி உண்டு. நான் வேகத்தைக் கூட்டி அவளைப் பிடிக்கப் போனேன். அடுத்தது அந்த இறக்கம். டஃபி ஓடை, வளைவு, பாலம். வேலியில் புதுக் கம்பி போட்டிருந்தார்கள், பளபளவென்று மின்னியது.

அவள் மேட்டின் தலையில் ஏறினாள், ஏறிய வேகத்தோடு அந்தப் பக்கம் இறங்கினாள். நான் பின்னாலேயே. சைக்கிள் வேகம் எடுத்தது. வளைவு நெருங்கியது. "பிடி, பிடி" என்று நான் சொன்னேனோ டெஸ் சொன்னானோ தெரியவில்லை. அவள் பிடித்தாள். சக்கரம் அடங்கியது, சைக்கிள் சாய்ந்தது, ஜல்லியில் கொஞ்சம்கூடக் குதிக்காமல் வளைவை வழித்துக்கொண்டு போய் நேராகப் பாலத்தின்மேல் நிமிர்ந்தது. பாலத்தின் நடுவில் கோரல் ஒரு கையைப் பக்கவாட்டில் நீட்டினாள். திரும்பிப் பார்க்காமல், எனக்குத் தெரியும்படி, ஐந்து விரலையும் ஒவ்வொன்றாக மடக்கி விரித்தாள். அப்புறம் மறு கையை நீட்டி அந்த ஐந்தையும்.

"பாரு, பாரு!" என்று டெஸ் டேஷ்போர்டை அடித்தான். அடித்துவிட்டு "ஆ!" என்று கையைத் திரும்ப அக்குளில் செருகினான். அந்தப் பத்து விரலுக்காக நான் வாழ்நாள் முழுக்க அவளுக்கு வேன் ஓட்டத் தயார் என்று தோன்றியது.

டீ மேசை அதோடு ஒழிந்தது. அவள் முடித்துவிடுவாள், அது உறுதி. ஆனால் பாலத்தைத் தாண்டிய மேட்டில் நான் திரும்பிப் பார்த்தபோது வெகு தூரத்தில் ஒரு வண்ணப் புள்ளிக் கூட்டம் தெரிந்தது. கடைசியில் கிளம்பிய வேகக்காரர்கள். முன்னால் ஜாரட், பிளம்பர், முப்பது வயது, தொடை என் இடுப்பளவு. நடுவில் கிளம்பியவர்கள் எல்லாரையும் அவர்கள் விழுங்கிவிட்டு வருகிறார்கள். ஜல்லி அவர்களையும் சும்மா விடவில்லை, வழக்கமாக இருபது பேர் வருகிற கூட்டத்தில் எட்டுப் பேர்தான் மிச்சம். ஆனால் ஜல்லி முடிந்து ஊருக்குள் வழவழத் தெரு ஆரம்பித்தால் அவர்களுக்கு இறக்கை முளைக்கும்.

"கோரல்!" டெஸ் சன்னலை இறக்கித் தலையை வெளியே விட்டான். "பின்னாடி வர்றானுங்க! ஜல்லி முடியறதுக்குள்ள ஓடு! ஓடு தாயே!"

"கலப்பை பாரமா இருக்குடா!" என்று திரும்பக் கத்தினாள். குனிந்தாள். அவள் குனிந்து மிதித்து நான் பார்த்து எத்தனையோ காலம் ஆயிற்று. கை வலிக்காத மனுஷிதான் குனிய முடியும்.

ஜல்லி முடிந்தது. தெரு ஆரம்பித்தது. தேவாலயம், தீயணைப்பு நிலையம், பப். இரண்டு பக்கமும் ஊர் நின்றது. அந்தப் பக்கம் தூரத்தில் லாயிட், கோட்டுக்கு நேரே, கடிகாரத்தோடு. என் கண்ணாடியில் ஜாரட் பெரிதாகிக்கொண்டே வந்தான். பாதையை விட்டு ஒதுங்க வேண்டிய கட்டாயம் எனக்கு, பக்கத்துத் தெருவில் வண்டியைச் சொருகிவிட்டு நானும் டெஸ்ஸும் இறங்கி ஓடினோம். என் முழங்காலோடு ஓடினேன், அதையும் எழுதி வைக்கிறேன். நாங்கள் முனைக்கு வந்தபோது கோரல் பப்பைத் தாண்டிக்கொண்டிருந்தாள், ஜாரட் தீயணைப்பு நிலையத்தை. அவள் வாய் திறந்திருந்தது, கண் மூடியிருந்ததோ என்னமோ. ஜாரட் எழுந்து நின்று மிதித்தான். ஒரு சைக்கிள் நீளம் இருந்தது, பிறகு முக்கால், பிறகு பாதி. அந்தப் பாதி அப்படியே நின்றது. கோட்டை அவள்தான் முதலில் கடந்தாள்.

மிராபூலில் அப்படி ஒரு சத்தத்தை நான் கால்பந்துக் கோப்பை வாங்கிய நாளில்கூடக் கேட்டதில்லை. ஜாரட் மூச்சு வாங்கிக்கொண்டே வந்து அவள் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டான். "மோட்டார் எங்க வச்சிருக்கே கோரல்?" என்றான், சிரித்துக்கொண்டேதான். அவள் பேச முடியாமல் சக்கரத்தைக் காட்டினாள். அவன் அமுக்கிப் பார்த்தான். அவனைப் பார்த்து இன்னொருவன், இன்னொருவன். வரிசையில் நின்று ஊரே அந்த டயரைக் கட்டைவிரலால் அமுக்கிற்று. கடைசியாக லாயிட் வந்தான். முழங்கால் போட்டு, கடற்கரையில் மீன்பிடிக்கப் போகிறபோது போடுகிற மாதிரியே, அமுக்கினான்.

"எவ்ளோ?" என்றான்.

"ஐம்பது."

"ஐம்பதா?"

"முன்னாடி இன்னும் குறைச்சல்."

லாயிட் முழங்காலைத் தட்டிவிட்டு எழுந்தான். "நான் உனக்கு ஆறு நிமிஷம் குடுத்தேன்" என்றான் மெல்ல.

"குடுத்தே. அதுல டீ குடிச்சேன்."

மாலையில் ஹாலில் ஜெயித்தவருக்கு உரிய பட்டுப் பட்டையை அவள் தோளில் போட்டார்கள், நீலமும் தங்கமும். பிறகு வழக்கப்படி லாயிட் எழுந்து அடுத்த வருஷத்துச் சலுகைகளை வாய்விட்டுச் சொன்னான். சலுகை கூடியவர்கள் பேசாமல் தலையாட்டிக்கொள்வார்கள். கூடுவதென்றால் நீ தளர்ந்துவிட்டாய் என்று பொருள், அதற்கு என்ன பேச்சு? குறைந்தவனுக்கு மட்டும் ஒரு உரிமை உண்டு. எழுந்து நின்று லாயிடை வாய் வலிக்கும்வரை திட்டலாம். கை தட்டுவார்கள். ஜாரட் நாலு வருஷமாகத் திட்டுகிறான், கேட்கக் காது கூசும்.

லாயிட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினான். "கோரல் ட்வோமி. இருபது நிமிஷம் குறைப்பு."

இருபது என்றால் டெஸ்ஸையெல்லாம் தாண்டி, பாதி வயதுக்காரர்கள் கிளம்புகிற கூட்டத்தில் அவளைக் கொண்டுபோய் நிறுத்துகிறான். கோரல் உட்கார்ந்தே இருந்தாள். இத்தனை வருஷத்தில் அவளுக்கு ஒரு நிமிடம்கூடக் குறைந்ததில்லை. எல்லாரும் திட்டுவதைக் கேட்டுக்கேட்டுக் கை தட்டியவள், தன் முறை வந்தபோது என்ன செய்வதென்று தெரியாமல் சுற்றிலும் பார்த்தாள்.

"எழுந்திரிம்மா!" என்று டெஸ் கத்தினான். "உன் உரிமை அது!"

எழுந்தாள். "லாயிட் பெட்ஷல்" என்று ஆரம்பித்தாள். கனைத்துக்கொண்டாள். "டேய் லாயிட். நீ திருடன். உன் கடிகாரம் திருடு. உங்கப்பன் பார்லில கல்லு கலந்தவன், அது நான் மாதிரி எடுத்தப்பவே தெரியும்." ஹால் வெடித்தது. "இருபது நிமிஷமா குறைக்கறே, அறுபது வயசாகப் போற கிழவிக்கு? உனக்கு மனசாட்சி இருக்கா? கஞ்சப் பயலே, கொள்ளைக்காரா, மீன் பிடிக்கத் தெரியாத மீன்காரா!" மூச்சு வாங்கினாள். லாயிட் மேடையில் நின்று, நான் அறிந்து முதல் தடவையாக, பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான். "குறைக்கறதா இருந்தா இருபத்தஞ்சாக் குறை. அப்பவும் வருவேன்."

"சரி" என்றான் லாயிட். "இருபத்தஞ்சு."

உட்காரும்போது அவள் அழுதுகொண்டிருந்தாள். நானும்தான், மறைப்பானேன்.